ஒரே மலையில் உலகத்தைப் பார்த்தவர்

ஒன்பதாம் வகுப்பு சமூக அறிவியலில் பல்லுயிர்த் தொகுதி என்று ஒரு பகுதி வருகிறது. நிலத்தில் மழைக்காடு, சவானா, பாலைவனம், ஊசியிலைக் காடு, தூந்திரா. நீரில் நன்னீர், கடல்நீர். பரீட்சைக்காக வரிசையா மனப்பாடம் செய்கிறோம். ஆனால் ஒரு இடத்தில் காடும் இன்னொரு இடத்தில் வெறும் புல்லும் ஏன் இருக்கிறது என்று ஊர் ஊராகப் போய், அளந்து பார்த்த ஒருவர் இருந்தார். அவர் அலெக்சாண்டர் வான் ஹம்போல்ட். அவரைப் பற்றி நான் படித்ததை எழுதுகிறேன்.

இவர் 1769 செப்டம்பர் 14-ல் பெர்லினில் பிறந்தார். வசதியான வீடு. ஒன்பது வயதிலேயே அப்பா இறந்துவிட்டார். அம்மா ரொம்பக் கண்டிப்பு. பையன் அரசாங்க வேலைக்குப் போகணும் என்பது அவர் எண்ணம். பையனோ செடி, பூச்சி, கல் என்று பொறுக்கிக்கொண்டே திரிந்தார். அம்மாவுக்காகச் சுரங்க அதிகாரி ஆனார். அங்கேயும் சும்மா இருக்கவில்லை. தொழிலாளிகள் படிக்கத் தன் சொந்தப் பணத்தில் ஒரு பள்ளிக்கூடம் தொடங்கினார். கெட்ட காற்றிலும் எரியும் விளக்கு ஒன்றையும் செய்தார்.

1796-ல் அம்மா இறந்ததும் பெரிய சொத்து கைக்கு வந்தது. வேறு யாராக இருந்தாலும் மாளிகை கட்டியிருப்பார்கள். இவர் வேலையை விட்டுவிட்டு, வெப்பமானி, காற்றழுத்தமானி என்று கருவிகளாக வாங்கினார். ஸ்பெயின் அரசரிடம் அனுமதி வாங்கி, போன்பிளான் என்ற பிரெஞ்சுத் தாவர அறிஞரோடு 1799 ஜூனில் கப்பல் ஏறினார். ஜூலையில் தென் அமெரிக்காவில் குமானா என்ற ஊரில் இறங்கினார்கள். அங்கே அவர் தங்கிய வீட்டுக்கு எதிரிலேயே அடிமைகளை விற்கும் சந்தை. மனிதர்களை மாடு மாதிரி வாயைத் திறந்து பல்லைப் பார்த்து வாங்கினார்கள். அதைப் பார்த்ததிலிருந்து சாகும்வரை அவர் அடிமை முறையை எதிர்த்தார்.

அடுத்து வலென்சியா ஏரி. அந்த ஏரியில் தண்ணீர் வருஷா வருஷம் குறைந்துகொண்டே போனது. பூமிக்கு அடியில் ஓட்டை இருக்கிறது, அதன் வழியாகத் தண்ணீர் போகிறது என்று சிலர் நம்பினார்கள். ஹம்போல்ட் 1800-ல் அங்கே போய், சுற்றியுள்ள மலைகளையும் ஓடைகளையும் பார்த்தார். ஓட்டையும் இல்லை ஒன்றும் இல்லை. அவுரி முதலிய பயிர்களுக்காகக் காட்டை வெட்டியிருந்தார்கள், ஏரிக்கு வரும் ஓடைகளைத் தோட்டத்துப் பக்கம் திருப்பியிருந்தார்கள். மரம் இல்லாத மலையில் மழை பெய்தால் தண்ணீர் மண்ணுக்குள் இறங்காது. வெள்ளமாக ஓடி மண்ணையும் அரித்துக்கொண்டு போய்விடும். இதை 1800-லேயே ஒருத்தர் கண்டுபிடித்துச் சொல்லியிருக்கிறார் என்றால் பாருங்கள்!

பிறகு லானோஸ் என்ற சவானா புல்வெளி. கோடையில் அனல், மழைக்காலத்தில் வெள்ளக்காடு. மரங்கள் குறைவு. அங்கே மோரிச்சே என்ற ஒரு பனை நிற்கிறது. அதன் பழத்தைப் பறவைகள் தின்கின்றன, அடியில் ஈரம் தங்குகிறது, அந்த ஈரத்தில் புழு பூச்சி வாழ்கிறது, மக்களுக்கு நாரும் உணவும் கிடைக்கிறது. ஒரு மரத்தை நம்பி எத்தனை உயிர்! எனக்கு நம்ம பனைமரம்தான் ஞாபகம் வந்தது. அங்குள்ள குட்டையில் மின்சார விலாங்கு மீன்களும் இருந்தன. தெரியாமல் ஒன்றை மிதித்துவிட்டு நாள் முழுக்க முழங்கால் வலியோடு இருந்தாராம்.

புல்வெளி முடிந்ததும் ஓரினோகோ ஆறும் மழைக்காடும். கொசுக்கடி சொல்லி மாளாது. எழுதப் பேனாவைப் பிடிக்க முடியாத அளவுக்குக் கை வீங்கியது. காசிகியாரே என்ற ஆறு ஓரினோகோவை அமேசானோடு சேரும் நீக்ரோ ஆற்றோடு இணைக்கிறது என்பதைப் படகிலேயே போய் உறுதிப்படுத்தினார்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். ஈக்வடாரில் சிம்போராசோ என்று ஒரு எரிமலை இருக்கிறது. உயரம் 6,263 மீட்டர். உலகத்திலேயே உயரமான மலை என்று அப்போது நினைத்திருந்தார்கள். 1802 ஜூன் 23-ல் ஹம்போல்ட் அதில் ஏறினார். பனி ஆரம்பித்த இடத்தில் கூலிகள் திரும்பிவிட்டார்கள். ஈறில் ரத்தம் கசிந்தது, தலை சுற்றியது, காலில் காயம். அவர் கணக்குப்படி 5,800 மீட்டருக்கு மேல் போன பிறகு பெரிய பள்ளம் ஒன்று குறுக்கே வந்ததால் திரும்பினார்.

உச்சியைத் தொடவில்லை என்பது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. அந்த ஆண்டிஸ் மலைகளில் அவர் கவனித்ததுதான் பெரிது. அடியில் பனையும் மூங்கிலும். மேலே போகப் போகப் பெரணி மரம், ஓக் மரம். அதற்கும் மேலே புதர், அப்புறம் புல், பாறையில் லைக்கன், கடைசியில் பனி. பூமத்திய ரேகையிலிருந்து துருவம் வரை போனால் பார்க்க வேண்டியதெல்லாம் கிட்டத்தட்ட ஒரே மலையில் அடுக்கடுக்காக! தூரம் போனாலும் உயரம் போனாலும் குளிர் கூடுகிறது, அதற்கேற்ற செடி வருகிறது. செடி மாறினால் அதைத் தின்னும் உயிரும் மாறுகிறது. இதை ஒரே பெரிய படமாக வரைந்து, எந்த உயரத்தில் எந்தச் செடி என்று மலைக்குள்ளேயே பெயர் எழுதி 1807-ல் வெளியிட்டார். பல்லுயிர்த் தொகுதி என்ற சொல் அப்போது கிடையாது. நம்ம பாடத்துக்கு அஸ்திவாரம் அந்தப் படம் என்று நான் நினைக்கிறேன். 2012-ல் ஆய்வாளர்கள் சிம்போராசோவில் ஏறிப் பார்த்தார்கள். பூமி சூடானதால் செடிகள் முன்பைவிட மேலே நகர்ந்திருந்தன. பழைய கணக்கை அவர் எழுதி வைத்ததால்தான் ஒப்பிட முடிந்தது.

பெரு நாட்டுக் கடலையும் விடவில்லை. அங்கே கடல் நீர் குளிர்ந்து கிடப்பதை அளந்தார். குளிர்ந்த நீரோட்டத்தால் கரையில் மழை இல்லாமல் பாலைவனம், அதே நீரோட்டத்தால் கடலில் ஏராளமான நெத்திலி. அதற்கு ஹம்போல்ட் நீரோட்டம் என்று பெயர் வைத்தார்கள். மீனவப் பிள்ளைகளுக்கு முன்னூறு வருஷமாகத் தெரிந்த விஷயம், என் பெயர் எதற்கு என்று அவர் மறுத்தார். எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இது.

1804-ல் ஊர் திரும்பினார். புத்தகம் போட்டே சொத்தெல்லாம் கரைந்தது. வரைபடத்தில் வரும் சமவெப்பக் கோடுகள் 1817-ல் இவர் கொண்டுவந்தவை. இமயமலையையும் பார்க்க ஆசைப்பட்டு கிழக்கிந்தியக் கம்பெனியிடம் பலமுறை கேட்டார். கடைசிவரை அனுமதி கிடைக்கவில்லை. வெள்ளைக்காரர் ஆட்சியைக் குறை சொல்லி எழுதிவிடுவார் என்ற பயம்தான் என்கிறார்கள். வந்திருந்தால் நம் நாட்டு மலைக்கும் ஒரு படம் கிடைத்திருக்கும்.

அதற்குப் பதில் 1829-ல், அறுபது வயதை நெருங்கும்போது, ரஷ்யாவின் ஊசியிலைக் காட்டையும் ஸ்டெப்பி புல்வெளியையும் பார்த்துவிட்டு வந்தார். பிரஷ்ய மண்ணில் கால் வைக்கும் அடிமை விடுதலை பெறுவார் என்ற சட்டம் 1857-ல் இவர் முயற்சியால் வந்தது.

1859 மே 6-ல் 89 வயதில் பெர்லினில் இறந்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வீட்டிலிருந்த பொருள்களை வேலைக்காரருக்கு எழுதி வைத்திருந்தார். உலகம் முழுவதையும் பற்றி எழுதிய காஸ்மாஸ் என்ற நூலின் ஐந்தாம் பாகம் பாதியில் நின்றது.

— ஒன்பதாம் வகுப்பு மாணவி