பாயிரம் வேண்டி நின்ற பாவலர்

நாகப்பட்டினத்தை அடுத்த நரிமணத்தில், வழிவழியாக இசை வளர்த்த அந்தணர் குடியில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோன்றியவர் கோபாலகிருஷ்ண பாரதியார். தந்தையார் இராமசுவாமி பாரதியும் இசைவல்லவரே. இளமையில் முடிகொண்டானிலும் பின்னர் ஆனந்ததாண்டவபுரத்திலும் மாயூரத்திலும் வாழ்ந்த பாரதியார் மணம் புரிந்துகொள்ளவில்லை. மாயூரத்தில் கோவிந்த யதியிடம் வேதாந்தம் கற்றார். திருவிடைமருதூரில் இராமதாசர் என்பாரிடம் இந்துஸ்தானி இசையும் பயின்றார். பிறர் வீட்டில் உண்டு, திண்ணையில் துயின்று, தில்லைக் கூத்தனைப் பாடித் திரிந்த எளிய வாழ்வு அவருடையது.

அவர் கல்வியில் குறைந்தவர் அல்லர் என்பதை இங்கேயே சொல்லிவிட வேண்டும். திருவையாற்றில் தியாகராஜ சுவாமிகளைக் காணச் சென்றபோது, அங்கே ஆபோகி இராகத்தில் ஒரு கீர்த்தனையைச் சீடர்கள் பாடக் கேட்டார். அந்த இராகத்தில் தாமும் ஏதேனும் பாடியதுண்டா என்று சுவாமிகள் வினவ, அதன் விளைவாகப் பிறந்ததே தில்லைச் சபாபதியின்மேல் பாரதியார் இயற்றிய ஆபோகிக் கீர்த்தனை என்பர். இலக்கணம் பிறழாமல் செய்ய வேண்டியதை அவ்வாறே செய்யும் ஆற்றல் அவரிடம் இருந்தது. ஆனால் நந்தன் சரித்திரத்தைப் பாடப் புகுந்தபோது அவர் வேறு வழியை மேற்கொண்டார்.

பெரியபுராணத்தில் திருநாளைப்போவார் வரலாறு சில பாடல்களில் முடிந்துவிடும். அங்கே நந்தனாரை ஆட்டிவைக்கும் ஆண்டை இல்லை. பாரதியாரோ வேதியர் ஒருவரைப் படைத்தார். நாற்பது வேலி நிலத்தையும் பயிரிட்டு அறுவடை செய்து முடித்த பின்னரே தில்லைக்குப் போகலாம் என்று அவர் கட்டளையிடுவதாகக் கதையை வளர்த்தார். சேரி முதியோர் தங்கள் பேச்சிலேயே நந்தனைக் கடிந்துகொள்கின்றனர். வேதியர் அக்கிரகாரத்துப் பேச்சில் ஏசுகிறார். நொண்டிச் சிந்து, கும்மி, கண்ணி என எளியோர் நாவில் பழகிய உருவங்கள் நூலெங்கும் விரவி வந்தன. கொச்சைச் சொற்களும் வழுக்களும் உடன் வந்தன. அடிமைப்பட்ட ஓர் உழவனின் ஏக்கத்தைப் பண்டிதர் நடையில் சொல்லியிருந்தால் அது ஏக்கமாக ஒலித்திருக்குமா என்பது ஐயமே.

நூல் அச்சேற வேண்டிய நிலை வந்தது. அக்காலத்தில் பெரும்புலவர் ஒருவரின் சிறப்புப்பாயிரம் இல்லாமல் நூல் வெளிவருவது மதிப்பன்று. மாயூரத்திலேயே மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை வாழ்ந்துவந்தார். இருபதுக்கு மேற்பட்ட தலபுராணங்கள் பாடியவர். சேக்கிழாருக்கே பிள்ளைத்தமிழ் பாடியவர். அவரிடம் சென்று பாரதியார் பாயிரம் வேண்டினார். பிள்ளையவர்களுக்கோ இரண்டு தடைகள். நூலில் இலக்கண வழுக்கள் மலிந்திருந்தன. சேக்கிழார் சொல்லாத கதையும் கலந்திருந்தது. வெளிப்படையாக மறுக்க மனமில்லாமல், பின்னர்ப் பார்க்கலாம் என்று நாள் கடத்தினார். பாரதியார் பலமுறை வந்து வெறுங்கையோடு திரும்பினார்.

இவ்விடத்தில் வேறொருவராயின் என்ன செய்திருப்பார்? வழுக்களை நீக்கி, வேதியரையும் நீக்கிச் செப்பனிட்ட படியொன்றைக் கொண்டுவந்து வைத்திருப்பார். பாயிரமும் அன்றே கிடைத்திருக்கும். பாரதியார் நூலைத் திருத்தவில்லை. ஒரு நாள் நண்பகலில் பிள்ளையவர்கள் உள்ளே படுத்து ஓய்வெடுத்துக்கொண்டிருந்தபோது, வெளித்திண்ணையில் அமர்ந்து நந்தன் கீர்த்தனைகளைப் பாடத் தொடங்கினார். ஏட்டில் வழுவாகத் தெரிந்தவை குரலில் வேறாயின. தில்லையைக் காணத் துடிக்கும் நந்தனின் தாபம் உள்ளே படுத்திருந்தவரை எட்டியது. பெரும்புலவர் மனம் உருகினார். எழுந்து வந்து, அதுவரை எழுதாத பாயிரத்தை எழுதித் தந்தார். வழுக்கள் இருந்த இடத்திலேயே இருந்தன. நூல் 1860களின் தொடக்கத்தில் அச்சேறியது.

அன்று உருகினாரேயன்றிப் பிள்ளையவர்கள் தம் கொள்கையை விட்டுவிடவில்லை. 1871இல் அவரிடம் மாணவராகச் சேர்ந்த உ. வே. சாமிநாதையர், மாயூரத்தில் பாரதியாரிடம் இசையும் கற்றுவந்தார். இதனை அறிந்த ஆசிரியர், இசையில் மனம் சென்றால் இலக்கிய இலக்கணப் பயிற்சி குன்றும் என்று கருதினார். மாணவர் இசைப் பயிற்சியை நிறுத்திக்கொண்டார். பாடம் சொல்லும் ஆசானுக்கு அந்த அச்சம் இயல்பே, குறை கூறுவதற்கில்லை.

பிற்காலத்தில் சுப்பிரமணிய பாரதியார் தம் அரசியல் பாடல்கள் சிலவற்றுக்கு நந்தன் சரித்திர மெட்டுகளையே எடுத்துக்கொண்டார். 1935இல் கே. பி. சுந்தராம்பாளும் 1942இல் தண்டபாணி தேசிகரும் திரையில் நந்தனாராக நடித்தனர். இசைப் பயிற்சியை நிறுத்திய அந்த மாணவரோ, 1933, 1934ஆம் ஆண்டுகளில் தம் ஆசிரியரின் வரலாற்றை இரண்டு பாகங்களாக வெளியிட்டபின், எண்பது வயதைக் கடந்த நிலையில் கோபாலகிருஷ்ண பாரதியாரின் வரலாற்றையும் எழுதினார்.