சுடாத துப்பாக்கி



போன வருஷம் எங்க ஊரில் உழவு நடந்தபோது டிராக்டருக்குப் பின்னால் கொக்குகள் கூட்டம் கூட்டமாக எழும்பின. மேகம் மூடிய சாயங்காலம். சித்தப்பாவின் மொபைலை வாங்கி ஐம்பது படமாவது எடுத்திருப்பேன். ஒன்றுகூடத் தேறவில்லை. கொக்கு இருக்க வேண்டிய இடத்தில் கிழிந்த வெள்ளைத் துணி பறப்பதுபோல் இருந்தது. என்ன தப்பு செய்தேன் என்று நூலகத்தில் தேடப்போய்த்தான் இந்த மனிதரைத் தெரிந்துகொண்டேன். அவர் பெயர் எட்டியென் ஜூல் மாரே. நம்மைப் போன்ற பட்டறைக்காரர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய வாழ்க்கை அவருடையது.

மாரே 1830 மார்ச் 5-ஆம் தேதி, பிரான்ஸ் நாட்டில் போன் என்ற ஊரில் பிறந்தார். (நம் கையில் இருக்கும் போன் அல்ல, திராட்சை மதுவுக்குப் பேர்போன ஊர்!) அம்மாவுக்கு மகன் பாதிரியார் ஆகணும். அப்பாவுக்கு மகன் டாக்டர் ஆகணும். பையனுக்கோ எந்நேரமும் இயந்திரங்கள் மேல்தான் கண். அவன் சேர ஆசைப்பட்டது எந்தக் கல்லூரி தெரியுமா? அப்போது பாரிஸில் இருந்த பாலிடெக்னிக்! அந்த நாட்டில் அது முதல் வரிசைப் பொறியியல் கல்லூரி. கடைசியில் அப்பா சொன்னதுதான் நடந்தது. 1849-இல் மருத்துவம் படிக்கப் பாரிஸ் போனார். 1859-இல் டாக்டர் ஆனார்.

ஆனால் உள்ளே இருந்த மெக்கானிக் சும்மா இருப்பானா? 1860-இல் நாடித் துடிப்பைத் தானே எழுதும் ஒரு கருவியைச் செய்தார். மணிக்கட்டின் மேல் ஒரு சிறு நெம்புகோல். நாடி துடிக்கத் துடிக்க அது மேலும் கீழும் ஆடும். அதன் முனை, கடிகார விசையால் நகரும் புகைக்கரி படிந்த பரப்பில் கோடு போடும். டாக்டரின் விரல் உணர்ந்து மறந்துபோகிற துடிப்பு காகிதத்தில் நின்றுவிட்டது. மனிதனின் கண்ணும் விரலும் ஏமாறும், கருவிதான் சாட்சி. இதுதான் மாரேயின் கொள்கை. 1869-இல் பாரிஸின் புகழ்பெற்ற கொலேஜ் த பிரான்ஸில் பேராசிரியரும் ஆகிவிட்டார்.

அடுத்து அவரைப் பிடித்துக்கொண்டது பறத்தல். குளவியின் இறக்கை நுனியில் துளியூண்டு தங்க ரேக்கு ஒட்டி வெயிலில் பார்த்தார். அந்த நுனி 8 என்ற எண்ணின் வடிவில் சுற்றுவது தெரிந்தது. புறாவின் மேல் கருவியைக் கட்டி, ரப்பர் குழாய் வழியாக இறக்கை அசைவைக் கோடாகப் பதிவு செய்தார். 1873-இல் விலங்குகளின் இயக்கம் பற்றி ஒரு புத்தகமே போட்டார். இருந்தாலும் மனசில் ஒரு குறை. உடம்பில் குழாய் கட்டிய பறவை சுதந்திரமாகவா பறக்கும்?

1878-இல் அமெரிக்காவிலிருந்து ஒரு செய்தி வந்தது. எட்வர்ட் மைபிரிட்ஜ் என்பவர் ஓடும் குதிரையைப் படம் பிடித்துவிட்டார். வரிசையாகக் கேமராக்கள், குறுக்கே நூல்கள். குதிரை ஓடி நூலைத் தட்ட, ஒவ்வொரு கேமராவாகத் திறக்கும். மாரேக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. இதேபோல் பறவையையும் எடுக்க முடியுமா என்று பத்திரிகை வழியாகவே கேட்டார். 1881-இல் மைபிரிட்ஜ் பாரிஸுக்கு வந்தபோது பறவைப் படங்களையும் கொண்டுவந்தார். மாரேக்குத் திருப்தி இல்லை. ஒரு படத்தில் ஒரு கணம்தான் இருந்தது, அடுத்த கணம் இல்லை. காட்டுப் பறவை நாம் கட்டிய நூலைத் தட்டிக்கொண்டா பறக்கும்? அப்படியானால் கேமராதான் பறவையைத் துரத்த வேண்டும்.

வானியலாளர் ஜான்சன், 1874-இல் வெள்ளிக்கிரகம் சூரியனைக் கடந்தபோது, 72 வினாடியில் 48 படம் எடுக்கும் சுழலும் கருவி ஒன்றைப் பயன்படுத்தியிருந்தார். அந்த யோசனையை மாரே எடுத்துக்கொண்டார். ஆனால் பறவைக்கு வினாடிக்கு 12 படம் தேவை. கணக்குப் போட்டால் 18 மடங்கு வேகம்! 1882 தொடக்கத்தில் இத்தாலியின் நேப்பிள்ஸில், கடலோரம் தங்கியிருந்தபோது அதைச் சாதித்தார்.

பார்க்க அசல் துப்பாக்கிதான். குழலுக்குள் லென்ஸ். தோட்டா இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கண்ணாடித் தகடு. விசையை அழுத்தினால் உள்ளே கடிகார இயந்திரம் ஓடும். ஒரு வட்டத்தட்டு வினாடிக்கு 12 சுற்று சுற்றும். அதில் ஒரு குறுகிய பிளவு. அதன் பின்னால் இருக்கும் தகடு நகரும், நிற்கும், மறுபடி நகரும். நிற்கிற நேரத்தில் பிளவு கடந்துபோகும், ஒரு படம் விழும். ஒவ்வொரு படத்துக்கும் வெளிச்சம் கிடைத்த நேரம் ஒரு வினாடியில் 720-இல் ஒரு பங்கு. 12-ஐ 60-ஆல் பெருக்கினால் 720. அதாவது, பிளவு திறந்திருப்பது ஒரு சுற்றில் 60-இல் ஒரு பங்கு நேரம்தான்.

இங்கேதான் என் கொக்குப் படத்தின் ரகசியம் புரிந்தது. ஒரு பறவை வினாடிக்கு 10 மீட்டர் போகிறது என்று வைத்துக்கொள்வோம். மங்கிய வெளிச்சத்தில் மொபைல் தானாகவே 50-இல் ஒரு பங்கு வினாடி திறந்திருந்தால், அதற்குள் பறவை 20 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். பிறகு எப்படித் தெளிவாக விழும்? 720-இல் ஒரு பங்கு என்றால் நகர்வு ஒன்றரை சென்டிமீட்டர்கூட இல்லை. ஆனால் நேரத்தைக் குறைத்தால் வெளிச்சமும் குறையும். ஒன்றைக் கேட்டால் இன்னொன்றைக் கொடுக்கணும். மாரேக்கு நேப்பிள்ஸ் வெயில் இருந்தும், கிடைத்தவை பெரும்பாலும் பளிச்சென்ற வானத்தின் முன் கறுப்பு நிழலுருவங்கள்தான், அதுவும் துளித்துளிப் படங்களாக. அதுவே அவருக்குப் போதும். கடற்காகம் வினாடிக்கு 3 முறை சிறகடித்தது. 12 படத்தில் ஒரு சிறகடிப்புக்கு 4 நிலைகள் கிடைத்தன. துப்பாக்கியால் குறிபார்த்து, எதையும் சுடாமல் சிரித்துக்கொண்டு திரும்பும் இந்த ஆளைப் பார்த்து ஊரார் பைத்தியம் என்றே முடிவு கட்டிவிட்டதாகச் சொல்வார்கள்.

அதே 1882-இல் பாரிஸின் ஓரத்தில் அவருக்குத் தனி ஆய்வு நிலையம் அமைந்தது. உதவிக்கு ஜார்ஜ் டெமெனி. அங்கே முறையையே தலைகீழாக மாற்றினார். இப்போது தகடு நகரவில்லை. ஒரே தகட்டில் ஷட்டர் பல முறை திறக்கும். அப்படித் திறந்தால் பின்னணி வெளிச்சமும் சேர்ந்து சேர்ந்து தகடே வெளுத்துவிடுமே? அதற்காகப் பின்னணியை ஆழமான கறுப்புக் கொட்டகை ஆக்கி, முன்னால் வெள்ளைப் பறவையைப் பறக்கவிட்டார். கறுப்பிலிருந்து ஒளி வராது, தகட்டில் பறவை மட்டும் பதியும். எவ்வளவு நேரம் திறப்பது என்பதைப் பறவை மட்டும் தீர்மானிப்பதில்லை, பின்னணியும் தீர்மானிக்கிறது என்பதை இதில் கற்றுக்கொண்டேன். மெதுவாகப் பறக்கும்போது உருவங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டன. அதைத் தீர்க்க 1888-இல் நீளமான காகிதச் சுருளில் எடுத்தார், பிறகு செல்லுலாய்டு. சினிமாவுக்கு வழி திறந்தவர்களில் ஒருவர் ஆனது இப்படித்தான்.

படங்கள் சொன்ன உண்மை என்ன? இறக்கை வெறுமனே மேலும் கீழும் ஆடவில்லை. கீழே அடிக்கும்போதே முன்னாலும் போகிறது. மேலே வரும்போது மடங்கிக்கொள்கிறது. 1890-இல் பறவைகளின் பறத்தல் பற்றிய பெரிய நூலில் இதையெல்லாம் தொகுத்தார்.

1896-இல் கிளைடர் வீரர் லிலியந்தால் விழுந்து இறந்த செய்தி கேட்டதும், அமெரிக்காவில் ஓர் இளைஞர் தன் வீட்டு அலமாரியிலிருந்து மாரேயின் 1873-ஆம் வருஷப் புத்தகத்தை மறுபடி எடுத்துப் படித்தார். அவர் பெயர் வில்பர் ரைட். பின்னாளில் 1901-இல் சிகாகோவில் பொறியாளர்கள் கூட்டத்தில் அவரே இதைச் சொல்லியிருக்கிறார். 1903 டிசம்பர் 17-இல் ரைட் சகோதரர்களின் விமானம் எழும்பியது. ஐந்தே மாதத்தில், 1904 மே மாதம், மாரே காலமானார். அவரோடு ஒரே வருஷம் பிறந்த மைபிரிட்ஜும் அதே மாதம்தான் இறந்தார்.

நண்பர்களே, பாலிடெக்னிக் வாசலைத் தொட முடியாத அந்த டாக்டர் கடைசிவரை தன் கருவிகளை விடவே இல்லை. நமக்கோ வாசல் திறந்தே கிடக்கிறது. டிப்ளமோதானா என்று சொந்தக்காரர்கள் இழுக்கும்போது எனக்கு இனிமேல் முகம் சுருங்காது.

தை மாதம் அறுப்பு முடிந்த பிறகு, நல்ல காலை வெயிலில், சூரியன் என் முதுகுப் பக்கம் இருக்கும்படி நின்றேன். ஷட்டரை 1000-இல் ஒரு பங்கு வினாடியில் வைத்து எடுத்தேன். முப்பதில் ஒன்று தேறியது. இறக்கையைப் பாதி மடக்கி மேலே தூக்குகிற கொக்கு. அம்மாவிடம் காட்டினேன். முப்பது வருஷம் நாற்று நட்டவள், கொக்குகள் நடுவிலேயே வாழ்ந்தவள். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, கொக்கு இறக்கையை இப்படி மடக்கும் என்று எனக்கு இத்தனை நாளும் தெரியாதேடா என்றாள்.

எனக்கும் தெரியாதும்மா என்றேன்.

— இரண்டாம் ஆண்டு, இயந்திரவியல் துறை