ராமானுஜன் பட்டியலில் விடுபட்ட எண்

கணித மேதை ஸ்ரீநிவாஸ ராமானுஜன் என்றதும் நம்மில் பலருக்கு 1729தான் ஞாபகத்துக்கு வரும். அவர் வாழ்க்கையோடு சம்பந்தப்பட்ட இன்னொரு எண்ணைப் பற்றி அன்பர்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

1887 டிசம்பர் 22 அன்று ஈரோட்டில் பிறந்த ராமானுஜன் வளர்ந்தது கும்பகோணத்தில். தகப்பனார் ஸ்ரீநிவாஸ ஐயங்கார் ஜவுளிக்கடை குமாஸ்தா. பள்ளியில் கெட்டிக்கார மாணவன். கல்லூரியிலோ கணக்கைத் தவிர வேறெதிலும் மனம் செல்லாததால் உபகாரச் சம்பளம் போயிற்று. பிறகு சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் எஃப்.ஏ. தேறவில்லை. 1912ல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்குக் குமாஸ்தாவானார். மறு வருஷம் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்கு எழுதிய கடிதம் பலித்தது. ஆசாரமான குடும்பம், கடல் கடக்கத் தாயார் கோமளத்தம்மாள் முதலில் சம்மதிக்கவில்லை. பின்னர் சம்மதம் கிடைத்து, 1914 மார்ச் 17 அன்று கப்பலேறினார்.

1915ல் அவர் லண்டனில் வெளியிட்ட நீண்ட கட்டுரை வகுத்திகளைப் பற்றியது. எங்கள் ஆரியசாலைக் கடைவீதியில் டம்ளர்களை டஜனாக வாங்கினால் பங்கு பிரிப்பது சுலபம். 12ஐ 1, 2, 3, 4, 6, 12 ஆகிய ஆறு எண்கள் மீதியில்லாமல் வகுக்கும். அதற்குக் கீழே எந்த எண்ணுக்கும் ஆறு வகுத்திகள் கிடையாது. இப்படித் தனக்குக் கீழுள்ள எல்லா எண்களையும்விட அதிக வகுத்திகள் உடைய எண்களுக்கு அவர் 'ஹைலி காம்போஸிட்' என்று பெயரிட்டார். 2, 4, 6, 12, 24, 36, 48, 60 என்று தொடங்கி, கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில், 6,74,632 கோடியே 83 லட்சத்து 88 ஆயிரத்து 800 வரை பட்டியலிட்டார். அந்தக் கடைசி எண்ணுக்கு 10,080 வகுத்திகள்!

அந்தப் பட்டியலில் ஓர் எண் விடுபட்டிருப்பதைப் பிற்காலத்தில் கண்டார்கள். அது 29,331 கோடியே 86 லட்சத்து 25 ஆயிரத்து 600. அதற்கு 5,040 வகுத்திகள். நானும் வீட்டில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். விடுபட்ட எண்ணை 23ஆல் பெருக்கினால் பட்டியலின் கடைசி எண்ணே வருகிறது! 23 புதிய பகா எண்ணாகச் சேர்வதால் வகுத்திகள் சரியாக இரட்டிக்கின்றன. விடுபட்டது இது என்றால், விடாமல் பிடித்தவை எத்தனை என்று எண்ணி வியந்தேன்.

எஃப்.ஏ. தேறாத அவருக்கு, இந்த ஆராய்ச்சிக்காகவே 1916ல் கேம்பிரிட்ஜ் பி.ஏ. பட்டம் வழங்கியது. 1918ல் ராயல் சொசைட்டியின் ஃபெல்லோ ஆனார். நோயுடன் 1919ல் திரும்பியவர், 1920 ஏப்ரல் 26 அன்று சென்னையில் காலமானார். வயது 32. பணமுடையால் லண்டன் சங்கம் அச்சிடாமல் விட்ட கட்டுரையின் மீதிப் பகுதி 1997ல்தான் வெளிவந்தது.

மதிப்பெண் குறைந்ததென்று நம் வீட்டுக் குழந்தை தலைகுனிந்து நின்றால், கோபிப்பதற்கு முன் அதன் மனம் எதில் லயிக்கிறது என்று ஒரு நிமிஷம் பார்ப்போம்.