யந்திர வித்தகர் ஜி. டி. நாயுடு

பொருநைக் கரையில் வாழும் நாம் கொங்கு நாட்டார் ஒருவரின் சரிதத்தை எழுதப் புகுவது ஏன் என்று வாசகர் வினவக்கூடும். மோட்டார்த் தொழிலில் பெயர் நாட்டியவர் நம் நெல்லைச் சீமையிலேயே தோன்றவில்லையா? தோன்றினார். 1877-ஆம் ஆண்டு திருக்குறுங்குடியிற் பிறந்த டி. வி. சுந்தரம் ஐயங்கார் மதுரையை இருப்பிடமாகக் கொண்டு பஸ் தொழிலை ஓங்கச் செய்ததையும், சாலையில் உதிர்ந்து கிடக்கும் லாட ஆணிகள் டயரைத் துளைக்காதபடி காந்தம் பூட்டிய வண்டியொன்றை ஓட்டி அவற்றைப் பொறுக்கச் செய்ததையும் நம்மவர் இன்றும் பேசிக்கொள்வர். எனினும் அவர் பெருமை நிர்வாகத் திறத்தில் விளைந்தது. யந்திரத்தின் வயிற்றைத் திறந்து பார்ப்பதையே வாழ்நாளெல்லாம் வேலையாகவும் விளையாட்டாகவும் கொண்ட ஒருவரைப் பற்றி எழுதவே நாம் விரும்பினோம். அத்தகையாருள் தமிழ்நாட்டில் முதல்வர் கோயம்புத்தூர் கோபால்சாமி துரைசாமி நாயுடு. ஜி. டி. நாயுடு என்றால்தான் யாவரும் அறிவர்.

வேறொரு காரணமும் உண்டு. அது நம் வீட்டுக் காரணம். தாமிரபரணிப் பள்ளத்தாக்கு என்றதும் வெளியூரார் எட்டு அணைக்கட்டுகளையும், அவற்றினின்று பிரியும் கால்வாய்களையும், நெல் வயலையும் வாழைத் தோட்டத்தையும் நினைப்பர். ஆற்றுப் பாய்ச்சல் எட்டாத மேட்டு நிலத்தாருக்கு அப்பாக்கியம் இல்லை. நம் பாட்டனாரின் நிலம் ஆற்றுக்குத் தெற்கே, தேரிமணல் தொடங்குமிடத்தை அடுத்துக் கிடக்கிறது. ஒரு கிணறும் ஒரு ஜோடிக் காளைகளும் கமலையுமே அதற்கு ஆதாரமாயிருந்தன. விடியுமுன் பூட்டி வெயில் ஏறுமட்டும் இறைத்தும் பாத்திகளிற் பாதியே நனையும் என்று பாட்டியார் சொல்லக் கேட்டிருக்கிறோம். பின்னர் அக்கிணற்றுக்கு மின்சார மோட்டார் வந்தது. அதன் உடலிற் பதித்த தகட்டில் கோயம்புத்தூர் என்ற ஊர்ப்பெயர் பொறிக்கப்பட்டிருந்தது. நாம் எழுத்துக் கூட்டிப் படித்த முதல் ஆங்கிலச் சொற்களில் அதுவும் ஒன்று.

சென்ற கோடை விடுமுறையில் அம்மோட்டார் புகைந்து நின்றுவிட்டது. காயில் கட்டுபவர் ஒருவர் வந்து வேப்பமர நிழலில் அதைப் பிரித்தார். கழற்றிய நட்டுகளையும் போல்ட்டுகளையும் வரிசை பிறழாமல் ஒரு சாக்கின்மேல் அடுக்கும் வேலை நமக்குக் கிடைத்தது. உள்ளே எட்டிப் பார்த்தோம், ஒன்றும் விளங்கவில்லை. எட்டாம் வகுப்பைத் தாண்டாத அவருக்கோ யாவும் விளங்கின. தமிழ் ஆனர்ஸ் மாணவர் என்ற பெயர் அன்று நமக்குச் சற்றுப் பாரமாகவே இருந்தது. அந்தக் கூச்சத்தோடுதான் நாயுடுவின் வரலாற்றைத் தேடிப் படிக்கலானோம்.

அவர் 1893-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 23-ஆம் நாள் கோவைக்கு அருகிலுள்ள கலங்கல் என்னும் சிற்றூரிற் பிறந்தார். குடும்பத் தொழில் வேளாண்மை. பள்ளிக்கூடம் அவருக்குப் பிடிக்கவில்லை. ஆசிரியர் கண்ணில் மண்ணை வாரித் தூவி வெளியேற்றப்பட்டார் என்பர். இச்செய்தியைக் கூறுவோர் யாவரும் அதனை இளமைக் குறும்பென்று சொல்லி நகைக்கின்றனர். ஆசிரியரின் கண் என்னாயிற்று என்று விசாரித்தார் ஒருவரையும் நாம் காணோம்.

வாலிபப் பருவத்தில் ஒருநாள், ஆங்கிலேய வருவாய் அதிகாரி ஒருவர் ஏறிவந்த ரட்ஜ் மோட்டார் சைக்கிள் அவர் கண்ணிற் பட்டது. மாடும் குதிரையுமின்றி ஓடும் வண்டி கிராமத்தார்க்கு அதிசயமாயிருந்த காலம் அது. மற்றவர் வியந்தபின் தத்தம் வேலைக்குத் திரும்பியிருப்பர். நாயுடுவை அவ்வண்டி விடவில்லை. கோவைக்குச் சென்று ஒரு ஹோட்டலிற் பரிமாறும் வேலையில் அமர்ந்தார். கூலியைச் சிறுகச் சிறுகச் சேர்த்து அவ்வண்டியையே விலைக்கு வாங்கினார். இத்தனை பாடுபட்டு வாங்கியவர் அதன்மேல் ஏறி நாலு தெருவைச் சுற்றி வருவதுதான் உலக வழக்கு. அவரோ அதனைப் பகுதி பகுதியாகக் கழற்றினார். பிறகு பழையபடியே பூட்டினார்.

இச்செயலின் அருமையை இன்று நாம் எளிதில் உணர்வதில்லை. அந்நாளைய ரட்ஜ் வண்டிக்கு ஒற்றைச் சிலிண்டர். கார்புரேட்டரிற் பெட்ரோல் காற்றோடு கலந்து சிலிண்டருக்குட் புகும். பிஸ்டன் மேலேறி அக்கலவையை நெருக்கும். தக்க நொடியில் மாக்னெட்டோ என்னும் கருவியினின்று எழும் மின்பொறி அதனைக் கொளுத்தும். எரிவாயுவின் விசை பிஸ்டனைக் கீழே தள்ளும். மீண்டும் அது மேலேறுகையில் புகை வெளியேறும். இந்த ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக மாற்றி வார்ப்பட்டையின் வழியே பின்சக்கரத்துக்குக் கொடுப்பது எஞ்சிய வேலை. பொறி எழும் கணம் சற்று முந்தினாலும் பிந்தினாலும் வண்டி இருமும், உதைக்கும், படுத்துவிடும். பல்சக்கரத்தை ஒரு பல் தள்ளிப் பூட்டினால் வால்வுகள் திறக்கும் ஒழுங்கு குலையும். இவற்றையெல்லாம் சொல்லிக்கொடுக்கும் பள்ளி எதிலும் பயிலாத ஒருவர், எண்ணெயும் கரியும் படிந்த தம் விரல்களையே ஆசிரியராகக் கொண்டு கற்றார். நம் வகுப்பிலும் பிரித்தல் உண்டு. ஒரு சொல்லைப் பகுதி, விகுதி, இடைநிலை, சந்தி, சாரியை, விகாரம் என ஆறாகப் பிரித்துக் காட்டுவோம். ஆனால் பிரித்தவற்றைப் புணர்த்தி முன்போற் சொல்லாக்க அறியாதவனுக்கு நம் பேராசிரியர் மதிப்பெண் இடுவதில்லை. நாயுடு அப்பரீட்சையில் தேறினார் என்க.

இடையே திருப்பூரிற் பருத்தித் தொழில் செய்து பொருள் ஈட்டியதும், பம்பாய்க்குச் சென்று பருத்தி வாணிபத்தில் அதை இழந்து திரும்பியதும் உண்டு. அவற்றை விரித்துரைப்பது நம் கருத்தன்று.

1920-ஆம் ஆண்டு, கோவைத் தொழிலதிபர் ராபர்ட் ஸ்டேன்ஸ் துரையின் உதவியால் ஒரு மோட்டார் பஸ்ஸை வாங்கினார். பொள்ளாச்சிக்கும் பழநிக்கும் இடையே, ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தூரம், அதனைத் தாமே ஓட்டினார். அந்நாளிற் பஸ் முதலாளியென்றால் திண்ணையில் அமர்ந்து கணக்குப் பார்ப்பவர் என்று எண்ண வேண்டாம். வழியில் வண்டி நின்றால் வண்டிக்கடியிற் படுத்துப் பழுது பார்க்க வேண்டியவரும் அவரே. அந்த ஒரு பஸ்ஸினின்று வளர்ந்த யு. எம். எஸ். என்னும் ஸ்தாபனத்தில் 1933-ஆம் ஆண்டில் 280 பஸ்கள் ஓடின. குறித்த வேளையிற் புறப்பட்டுக் குறித்த வேளையிற் சேர்வதில் அதற்குப் பெரும் பெயர் இருந்தது. ஐயங்காரையும் நாயுடுவையும் ஒப்பிட்டு நோக்குவார்க்கு இருவரும் சந்திக்கும் இடம் இதுவென்று தோன்றும்.

பொருள் பெருகியபின்னும் பிரித்துப் பார்க்கும் பழக்கம் அவரை விட்டு நீங்கவில்லை. ஐரோப்பாவுக்குப் பலமுறை பிரயாணம் செய்தார். காமிரா அவர் கையை விட்டு அகலாது. 1936-ஆம் ஆண்டு லண்டனில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் சவ ஊர்வலத்தைச் சலனப்படமாகப் பிடித்தவர் அவர். உலர்ந்த பாட்டரியால் ஓடும் சிறு மோட்டாரைக் கைப்பிடிக்குள் அடக்கி ரேஸண்ட் என்ற பெயருடன் முகம் மழிக்கும் கருவியொன்றை ஆக்கினார். மிக மெல்லிய பிளேடு, பழச்சாறு பிழியும் யந்திரம், மண்ணெண்ணெயால் ஓடும் விசிறி, வாக்குப் பதிவு செய்யும் யந்திரம் என அவர் பட்டறையினின்று வெளிப்பட்டவை பல. அன்றாட வாழ்க்கையில் மனிதர் எதைத் தொட்டு அல்லற்படுகின்றனரோ அதையே எடுத்துத் திருத்த முயன்றார் என்பது இப்பட்டியலை நோக்குவார்க்குப் புலனாகும்.

ஆயினும் மேட்டு நிலத்துப் பிள்ளையாகிய நமக்கு அவற்றுள் எல்லாம் பெரிதாகத் தோன்றுவது மின்சார மோட்டாரே. நீலகிரியிற் பைக்காரா நீர்மின் நிலையம் 1932-இல் வேலை தொடங்கியபின் கோவைக்கு மின்சாரம் கிடைத்தது. மின்சாரம் வந்தது, அதனை உழைப்பாக மாற்றும் மோட்டாரோ அயல்நாட்டுக் கப்பலில் வரவேண்டியிருந்தது. 1937-ஆம் ஆண்டு பீளமேட்டில், நேஷனல் எலெக்ட்ரிக் வொர்க்ஸ் என்னும் தொழிற்சாலையில், நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து இந்தியாவிலேயே ஆக்கிய மின்சார மோட்டாரை முதன்முதல் வெளியிட்டனர். பாலசுந்தரம் பிற்காலத்தில் டெக்ஸ்டூல் தொழிற்சாலையை நிறுவிப் புகழ் பெற்றவர். அவருடைய பங்கை மறந்து நாயுடுவுக்கே முழுப் பெருமையும் அளிப்பது நேர்மையன்று. நம் பாபநாசத்தில் நீர்மின் நிலையம் 1944-இல் தொடங்கியது. அகத்தியர் மலையில் வீழ்ந்த நீர் ஆற்றோடு ஓடி நம் மேட்டு நிலத்துக்கு என்றும் வந்ததில்லை. அது மின்சாரமாகிக் கம்பியேறி வந்து, கோவையிற் பிறந்த மோட்டாரைச் சுழற்றி, நம் கிணற்று நீரை மேலே கொணர்ந்தது. கமலைக் காளைகள் ஓய்வு பெற்றன.

1944-இல் நாயுடு பஸ் தொழிலினின்று விலகினார். மறு ஆண்டு சென்னை மாகாணக் கவர்னர் ஆர்தர் ஹோப் பெயரால் கோவையில் ஒரு தொழிற்கல்லூரி தோன்றியது. அதற்குக் காரணராயிருந்தவரும், முதல் பிரின்ஸிபாலாய் அமர்ந்தவரும், பள்ளியில் மண் தூவிய அதே நாயுடுதான். நான்கு ஆண்டுப் படிப்பு வீண், இரண்டே ஆண்டு போதும் என்பது அவர் கொள்கை. அரசாங்கம் அதற்கு இசையவில்லை. அவர் பதவியைத் துறந்தார். அக்கல்லூரி இன்று அரசு தொழில்நுட்பக் கல்லூரி என்ற பெயரோடு நடைபெறுகிறது, ஆண்டுகள் நான்கே.

இவ்விடத்தில் நாம் நாயுடுவோடு சற்று மாறுபடுகிறோம். கல்லூரியில் அமர்ந்துகொண்டு கல்லூரியைப் பரிந்து பேசுவதாக வாசகர் கருதினும் கருதுக. தமக்கு இரண்டாண்டு போதும் என்று அவர் எண்ணியிருக்கலாம். ஆனால் மோட்டார் சைக்கிளைக் கழற்றிய நாள்முதல் அக்கல்லூரியின் படியேறிய நாள்வரை அவர் கற்ற காலத்தை எண்ணினால் முப்பது ஆண்டுக்குக் குறையாது. விரல்வழிக் கல்வி விரைவானதென்று அவர் வாழ்க்கையே காட்டவில்லை. புத்தகத்தில் மட்டும் யந்திரம் படிப்பவனைப் பற்றி அவர் கொண்ட அவநம்பிக்கையையோ நம்மால் மறுக்க இயலவில்லை. வேப்பமர நிழலில் நம் நிலை நமக்குத் தெரியும்.

1952-ஆம் ஆண்டு அவர் இருவர் அமரும் பெட்ரோல் கார் ஒன்றை உருவாக்கினார். விலை 2000 ரூபாய். கார் என்பது செல்வர் வீட்டு வாசலில் மட்டும் நின்ற காலத்தில், சிறு வியாபாரியும் பள்ளி ஆசிரியரும் எட்டிப்பிடிக்கத்தக்க வண்டி அது. பெருமளவிற் செய்து விற்க அரசாங்க அனுமதி வேண்டியிருந்தது, அது கிடைக்கவில்லை. தொழில்களை ஒழுங்குபடுத்தும் சட்டம் 1951-இல் இயற்றப்பட்டிருந்தது. மோட்டார் செய்வோர் சிலராகவே இருக்க வேண்டும், உறுப்புகளை உள்நாட்டிலேயே ஆக்க வேண்டும் என்று அக்காலத்து ஆட்சியாளர் கருதினர். அயல்நாட்டுச் செலாவணி அருகியிருந்த அந்நாளில் அக்கருத்துக்கும் நியாயம் இல்லாமலில்லை. ஆனால் உள்நாட்டிலேயே ஆக்க வல்ல ஒருவர் வாயிலில் நின்றபோது கதவு ஏன் திறக்கவில்லை என்ற கேள்வி நம் மனத்தை விட்டு அகலவில்லை. எளியவர்க்கு ஒரு கார் என்ற எண்ணம் 2008-ஆம் ஆண்டு டாட்டா கம்பெனியார் நானோவை அறிவித்தபோது நாடெங்கும் புதுமையாகப் பேசப்பட்டது. கோவைக்கு அது ஐம்பத்தாறு ஆண்டுப் பழமை.

வரிகளின் பாரமும் அவரை வாட்டியது. அதனைக் கண்டித்து, தாம் ஆக்கிய பொருள்களைத் தாமே பலர் முன்னிலையில் உடைத்து நொறுக்கினார். கழற்றியதைப் பூட்டாமல் விட்டறியாத கை, பூட்டியதைச் சுத்தியலால் உடைத்த நாள் அது. இச்செய்தியை வாசித்தபின் அன்று நமக்கு வேறெதுவும் வாசிக்க மனம் வரவில்லை. அப்பொருள்கள் ஏழை மாணவர் கையிற் சேர்ந்திருக்கலாகாதா என்று எண்ணினோம். பிறகு, அவற்றை ஆக்கியவர் உள்ளம் எத்துணை நொந்திருந்தால் அக்கை ஓங்கியிருக்கும் என்றும் எண்ணினோம்.

மனம் நொந்தும் ஓய்ந்தாரல்லர். பருத்தியையும் பப்பாளியையும் வைத்துப் பயிராராய்ச்சி செய்தார். 1967-இல், காலையில் அடித்தளம் இட்டு, 11 மணி நேரத்துக்குள் ஒரு வீட்டைக் கட்டி முடித்துக் காட்டினார். அப்போது அவருக்கு வயது 74. அவர் ஆக்கியவற்றையும் திரட்டியவற்றையும் கொண்ட பொருட்காட்சி கோவை அவினாசிச் சாலையில் இருக்கிறது. 1974-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 4-ஆம் நாள் அவர் மறைந்தார். அச்சாலையின்மேல் 2025-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட 10.1 கிலோமீட்டர் மேம்பாலத்துக்கு அவர் பெயர் இடப்பட்டுள்ளது.

நம் கிணற்று மோட்டாரின் கதையைப் பாதியில் விட்டோம். மூன்றாம் நாள் புதுக் காயிலோடு அது மீண்டும் பூட்டப்பட்டது. சுவிட்சைப் போடும் தருணத்தில் நம் சாக்கின்மேல் ஒரு வாஷர் மிஞ்சிக் கிடப்பதைக் கண்டோம். மறைத்துவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது உண்மை. எடுத்து நீட்டினோம். அவர் அதைப் பார்த்தார், நம்மைப் பார்த்தார். பின் ஒரு வார்த்தையும் சொல்லாமல் ஸ்பானரை எடுத்து மறுபடியும் முதலிலிருந்து கழற்றத் தொடங்கினார்.