ஜான் பாய்ட் டன்லப்

ஜான் பாய்ட் டன்லப் (பெப்ரவரி 5, 1840 – அக்டோபர் 23, 1921) ஸ்காட்லாந்தில் பிறந்து அயர்லாந்தில் வாழ்ந்த கால்நடை மருத்துவர் ஆவார். காற்றடைத்த டயரை நடைமுறைப் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்தவர் என்று அறியப்படுகிறார். இவருக்கு முன்பே அந்த எண்ணம் வேறொருவருக்குத் தோன்றியிருந்தது. டயரைச் சக்கரத்தின் வளையமான ரிம்மில் உறுதியாக அமர்த்தும் வழியை இவருக்குப் பின் வேறு இருவர் கண்டனர். கரடுமுரடான பாதைகளில் ஓடும் பந்தய மிதிவண்டிகளுக்கு எடை குறைந்த டியூப்லெஸ் ரிம்களைத் தெரிவு செய்வோர் இன்று எதிர்கொள்ளும் சிக்கலின் தொடக்கம் இவருடைய வாழ்க்கையில் உள்ளது.

இளமையும் தொழிலும்

டன்லப் ஸ்காட்லாந்தின் அயர்சயர் பகுதியில் உள்ள டிரெகார்ன் என்னும் ஊரில், ஒரு வேளாண் குடும்பத்தில் பிறந்தார். எடின்பரோவில் கால்நடை மருத்துவம் பயின்று 19 வயதில் தேர்ச்சி பெற்றார். 1867 இல் அயர்லாந்துக்குக் குடிபெயர்ந்தார். பெல்ஃபாஸ்ட் நகரில் இவர் நடத்திய மருத்துவ நிலையம் அந்நாட்டின் பெரிய கால்நடை மருத்துவ நிலையங்களுள் ஒன்றாக வளர்ந்தது. 1871 இல் மார்கரெட் ஸ்டீவன்சன் என்பவரை மணந்தார். இவர்களுக்கு ஒரு மகளும் ஒரு மகனும் உண்டு.

மகனின் மூன்று சக்கர வண்டி

அக்காலத்து மிதிவண்டிகளின் சக்கரங்களில் திண்ம இரப்பர்ப் பட்டையே பொருத்தப்பட்டிருந்தது. காஞ்சிபுரம் வரதராசப் பெருமாள் கோயில் தேரோட்டத்தைக் கண்டவர்கள் இதன் குறையை எளிதில் உணரலாம். திண்மையான சக்கரம் தெருவின் ஒவ்வொரு மேடுபள்ளத்தையும் அப்படியே மேலே கடத்திவிடும். பெல்ஃபாஸ்டின் கல் பாவிய தெருக்களில் டன்லப்பின் சிறுவயது மகன் ஓட்டிய மூன்று சக்கர வண்டிக்கும் இதே நிலைதான்.

1887 அக்டோபரில் டன்லப் ஒரு சோதனை செய்தார். ஏறத்தாழ 0.8 மில்லிமீட்டர் தடிமனுள்ள இரப்பர்த் தகட்டைக் குழாயாக ஒட்டி, மரத்தட்டு ஒன்றின் விளிம்பைச் சுற்றித் துணியால் பொருத்தி, காற்றை நிரப்பினார். பின்பு அந்தத் தட்டையும் மகனுடைய வண்டியின் உலோகச் சக்கரத்தையும் தம் முற்றத்தில் உருட்டிவிட்டார். உலோகச் சக்கரம் பாதியிலேயே நின்றுவிட, காற்றடைத்தது முற்றத்தின் கடைசி வரை ஓடி வாயிற்கம்பத்தில் மோதித் திரும்பியது. 1888 பெப்ரவரி 28 அன்று, பின்சக்கரங்கள் இரண்டிலும் காற்றடைத்த டயர் பூட்டிய வண்டியை மகன் ஓட்டிப் பார்த்தார். அதே ஆண்டு சூலையில் டன்லப் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். டிசம்பர் 7 அன்று அது வழங்கப்பட்டது.

1889 மே 18 அன்று பெல்ஃபாஸ்டின் குயின்ஸ் கல்லூரித் திடலில் நடந்த பந்தயங்களில், வில்லி ஹியூம் என்பவர் இந்த டயர் பூட்டிய மிதிவண்டியில் கலந்துகொண்ட நான்கிலும் வென்றார். அவரிடம் தோற்றவர்களுள் ஹார்வி டு குரோ என்னும் டப்ளின் வணிகரின் மகன்களும் இருந்தனர். டு குரோ இதன் எதிர்காலத்தைக் கணித்து, டன்லப்புடன் இணைந்து அவ்வாண்டே டப்ளினில் ஒரு நிறுவனத்தைத் தொடங்கினார்.

காப்புரிமை இழப்பு

1890 இல் டன்லப்பின் காப்புரிமை செல்லாது என அவருக்குத் தெரிவிக்கப்பட்டது. ராபர்ட் வில்லியம் தாம்சன் என்னும் மற்றொரு ஸ்காட்லாந்துக்காரர் காற்றடைத்த டயருக்கு 1845 இலேயே பிரித்தானியாவில் காப்புரிமை பெற்றிருந்தார். தாம்சனுடையது குதிரை வண்டிகளை மனத்திற் கொண்டது. அப்போது மிதிவண்டி இல்லை. இரப்பரும் விலை மிகுந்தது. ஆகவே அது மறக்கப்பட்டது. டன்லப் அதனை அறியாமலேயே மறுபடியும் கண்டறிந்தார். மிதிவண்டி பரவிவந்த வேளையில் அதனைச் செய்தது அவருடைய நற்பேறு எனலாம்.

டயரும் ரிம்மும்

காப்புரிமை போன பின்னும் நிறுவனம் பிழைத்ததற்குக் காரணம் டயர் அன்று, ரிம்தான். டன்லப்பின் டயரில் உள்ளே இரப்பர்க் குழாயும் மேலே கித்தான் உறையும் இருந்தன. அந்த உறை ஆரக்கால்களுக்கு இடையே சுற்றப்பட்டு ரிம்மோடு ஒட்டப்பட்டது. பஞ்சர் ஆனால் எல்லாவற்றையும் பிரித்து, மறுபடி ஒட்டி, காயவிட வேண்டும். இதற்குப் பல மணி நேரம் ஆகும்.

1890 செப்டம்பரில் சார்லஸ் கிங்ஸ்டன் வெல்ச் இதற்குத் தீர்வு கண்டார். டயரின் இரு ஓரங்களிலும் நீளாத கம்பி வளையம் ஒன்றை அவர் வைத்தார். ரிம்மின் நடுவில் ஒரு பள்ளம் அமைத்தார். ஓரத்தின் ஒரு பக்கத்தைப் பள்ளத்தில் தள்ளினால் எதிர்ப்பக்கம் தளர்ந்து ரிம்மின் சுவரைத் தாண்டி வெளியே வரும். காற்று நிரம்பியபின் கம்பி நீளாததால் டயர் கழலாது. சில வாரங்களில் வில்லியம் பார்ட்லெட் என்பவர், டயரின் தடித்த ஓரத்தை ரிம்மின் கொக்கி போன்ற விளிம்பில் மாட்டும் வேறொரு முறைக்குக் காப்புரிமை பெற்றார். டு குரோவின் நிறுவனம் இரண்டு உரிமைகளையும் விலைக்கு வாங்கியது. பிரான்சில் மிச்சலின் சகோதரர்கள் 1891 இல் தமக்கெனக் கழற்றி மாட்டும் டயரை உருவாக்கினர்.

காஞ்சிபுரத்து மிதிவண்டிக் கடையில் டயரின் ஓரத்தை நெம்பி எடுத்து, டியூபைத் தண்ணீரில் அமிழ்த்திக் குமிழி வரும் இடத்தில் ஒட்டுப் போடும்போது பயன்படுவது வெல்ச்சின் அமைப்பே. பல நாடுகளில் டன்லப் வால்வு எனப்படுவதும் வூட்ஸ் என்பவருடைய ஆக்கம். பெயர் மட்டுமே டன்லப்புடையது.

டியூப்லெஸ் ரிம்

வெல்ச்சின் பள்ளம் இன்றைய டியூப்லெஸ் ரிம்மிலும் உண்டு. பள்ளத்தின் இருபுறமும் டயரின் ஓரம் அமரும் மேடை இருக்கும். அது மீண்டும் பள்ளத்துள் வழுக்காதபடி சிறு வரம்பு ஒன்று தடுக்கும். ஆரக்கால் துளைகள் காற்றுப் புகா நாடாவால் மூடப்படும். சில ரிம்களில் அத்துளைகளே இரா. பிரான்சின் மாவிக் நிறுவனம் மிச்சலின், ஹட்சின்சன் நிறுவனங்களுடன் சேர்ந்து 1999 இல் மலை மிதிவண்டிகளுக்கு இத்தகைய அமைப்பை அறிமுகப்படுத்தியது.

ரிம்மின் எடைக்குத் தனிச் சிறப்பு உண்டு. வேகம் கூட்டும்போது ரிம்மில் உள்ள எடை முன்னே நகரவும் வேண்டும், சுழலவும் வேண்டும். ஆகவே அங்குள்ள ஒரு கிராம், சட்டத்தில் உள்ள ஏறத்தாழ இரண்டு கிராமுக்கு ஈடான ஆற்றலைக் கேட்கிறது. சீரான வேகத்தில் சமதளத்தில் செல்லும்போது இவ்வேறுபாடு பொருட்படுத்தத் தக்கதன்று. ஏற்றங்களில் ரிம்மின் எடையும் பிற எடையைப் போன்றதே. திருப்பத்துக்குத் திருப்பம் வேகம் குறைத்துக் கூட்டும் பந்தயத்திலேயே அதன் பயன் மிகுதி. 29 அங்குலச் சக்கரத்துக்கான எடை குறைந்த அலுமினிய ரிம் சுமார் 400 கிராம் இருக்கும். கார்பன் இழை ரிம்களில் சில 350 கிராமுக்கும் குறைவு.

ஆயினும் எடையை மட்டும் பார்த்துத் தெரிவு செய்வது சரியன்று. மெல்லிய அலுமினியச் சுவர் பாறையில் மோதி நசுங்கினால், டியூப் உள்ள சக்கரம் ஓரளவு ஓடும். டியூப்லெஸ் சக்கரத்தில் நசுங்கிய இடத்தின் வழியே காற்று வெளியேறிவிடும். ரிம்மின் உள்ளகலமும் முதன்மையானது. குறைந்த அழுத்தத்தில் டயர் பக்கவாட்டில் சாயாதிருக்க அகலமான ரிம் உதவுகிறது. முன்பு 20 மில்லிமீட்டர் அளவில் இருந்த உள்ளகலம் இப்போது 30 மில்லிமீட்டரை நெருங்கியுள்ளது. குறுகிய டயருக்கு அளவு மீறி அகன்ற ரிம்மை இட்டால் டயரின் மேற்புறம் தட்டையாகிவிடும். பார்ட்லெட்டின் காலத்திலிருந்து தொடர்ந்த கொக்கி விளிம்பைப் பல கார்பன் ரிம்கள் கைவிட்டுவிட்டன. நேரான, தடித்த சுவர் செய்வதற்கு எளிது, மோதலையும் தாங்கும்.

இறுதிக் காலம்

டன்லப் 1895 இல் நிறுவனத்திலிருந்து விலகினார். அடுத்த ஆண்டு அது 30 இலட்சம் பவுண்டுக்குக் கைமாறி, விரைவிலேயே 50 இலட்சம் பவுண்டு மதிப்பில் பங்குகளாக விற்கப்பட்டது. அந்தப் பெருஞ்செல்வத்தில் டன்லப்புக்குப் பங்கில்லை. பின்னாளில் டப்ளினில் துணி வணிக நிறுவனம் ஒன்றில் ஈடுபாடு கொண்டிருந்தார். 1921 இல் அந்நகரிலேயே காலமானார். காற்றடைத்த டயரின் வரலாறு குறித்து இவர் எழுதிய நூல் இறப்புக்குப் பின் வெளியானது.

இந்தியாவில் இவருடைய பெயர் தாங்கிய நிறுவனம் 1936 இல் வங்காளத்தின் சாகாகஞ்சிலும், 1959 இல் சென்னையை அடுத்த அம்பத்தூரிலும் தொழிற்சாலைகளை அமைத்தது. அம்பத்தூர் அப்போது காஞ்சிபுரத்தையும் உள்ளடக்கிய செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்தது. அத்தொழிற்சாலை இன்று இயங்குவதில்லை.