கொள்ளிவாய்ப் பிசாசை பாட்டிலில் பிடித்தவர்: வோல்ட்டாவுக்கும் நம்ம ஊர் நெல் வயலுக்கும் என்ன சம்பந்தம்?

உங்க செல்போன் சார்ஜரைத் திருப்பிப் பாருங்க. பொடி எழுத்தில் 5 வோல்ட், 9 வோல்ட் என்று இருக்கும். அந்த வோல்ட்டுக்குச் சொந்தக்காரர் இத்தாலியின் அலெசாண்ட்ரோ வோல்ட்டா. பேட்டரி கண்டுபிடித்தவர் என்று பள்ளியில் படித்திருப்போம். ஆனால், அதற்கு 24 வருஷம் முன்பே அவர் சேற்றில் குச்சியை விட்டுக் கிளறி ஒரு வாயுவைப் பிடித்தார். அந்தக் கதை பாடப்புத்தகத்தில் அவ்வளவாக வராது.

செஞ்சி பக்கம் தளவானூர் போயிருக்கீங்களா? மகேந்திரவர்மப் பல்லவன் பாறையைக் குடைந்து எழுப்பிய சத்துருமல்லேசுவரம் குகைக்கோயில் இருக்கும் ஊர். இந்த வட்டாரத்தில் தண்ணீர் கட்டிய நெல் வயலில் கால் வைத்தால் சேற்றிலிருந்து குமிழ் குமிழாகக் கிளம்பும். வோல்ட்டா பிடித்தது இதைத்தான்.

1745 பிப்ரவரி 18-ல் கோமோ நகரில் பிறந்தார். நாலு வயது வரை பேச்சு வரவில்லை. பிள்ளை ஊமையோ என்று வீட்டில் கவலை. அப்பா சீக்கிரம் இறந்துவிட, உறவினர்கள் வளர்த்தார்கள். குடும்பத்தில் பாதிரியார்கள் அதிகம். பள்ளியில் இவரையும் துறவியாக்கப் பார்த்தார்கள், வீட்டார் வக்கீலாக்கப் பார்த்தார்கள். பையனுக்குப் பிடித்ததோ மின்சாரம். கல்லூரிப் பட்டம் இல்லாமலே 1774-ல் கோமோவில் பள்ளிப் பொறுப்பு கிடைத்தது.

1776-ல் காம்பி என்ற பாதிரியார் நண்பர், தீப்பிடிக்கும் காற்று வரும் ஓர் ஊற்றைப் பற்றிச் சொன்னார். அது வேறெங்கும் கிடைக்குமா என்று வோல்ட்டா தேட ஆரம்பித்தார். அந்த நவம்பரில் மஜோரே ஏரிக்கரையில் நாணல் மண்டிய சதுப்பில் கைத்தடியால் சேற்றைக் கிளறினார். மேலே வந்த குமிழ்களை, தண்ணீர் நிரப்பித் தலைகீழாகக் கவிழ்த்த பாட்டிலில் பிடித்தார். நெருப்பு காட்டினால் நீலமாக நிதானமாக எரிந்தது.

அப்போது விஞ்ஞானிகளுக்குத் தெரிந்திருந்த எரியும் காற்று, உலோகத்தை அமிலத்தில் போட்டால் வரும் ஹைட்ரஜன். இது அதுவல்ல என்று வோல்ட்டாவுக்குப் புரிந்தது. முழுசாக எரிய ஹைட்ரஜனைவிட ரொம்ப அதிகக் காற்று கேட்டது. செடிகொடிகளும் உயிரினங்களும் மட்கும் இடத்திலிருந்துதான் இது வருகிறது என்ற முடிவுக்கு வந்தார். இன்று நாம் மீத்தேன் என்பது இதைத்தான். ஒரு கார்பன், நாலு ஹைட்ரஜன். சேற்றில் ஆக்சிஜன் இல்லாத இடத்தில் வாழும் நுண்ணுயிர்கள்தான் இதைத் தயாரிக்கின்றன என்பது அவர் காலத்துக்குப் பிறகே தெரிந்தது.

இரவில் சதுப்பில் தெரியும் வெளிச்சத்தை நம்ம ஊரில் கொள்ளிவாய்ப் பிசாசு என்போம். ஐரோப்பாவிலும் இதே பயம் இருந்தது. சதுப்பு வாயுவை மின்னல் பற்றவைப்பதால் வரும் ஒளி என்றார் வோல்ட்டா. முழு விடை அதுவல்ல. மீத்தேன் தானாகப் பற்றிக்கொள்ளாது, எது கொளுத்துகிறது என்ற விவாதம் இன்னும் ஓடுகிறது. இருந்தாலும் பிசாசை வேதியியல் பக்கம் இழுத்துவந்தது பெரிய விஷயம்.

அதோடு விடவில்லை. மின்பொறியால் வாயுவை வெடிக்கவைக்கும் ஒரு துப்பாக்கி செய்தார். கார் ஸ்பார்க் பிளக்கின் கொள்ளுத்தாத்தா என்றே சொல்லலாம். கோமோவில் பொத்தானைத் தட்டி மிலானில் துப்பாக்கி வெடிக்க, மரக்கம்பங்களில் கம்பி இழுக்கலாம் என்றும் யோசித்தார். தந்தி வருவதற்கு வெகு காலம் முன்பு!

மிச்சக் கதை தெரிந்ததே. 1779-ல் பாவியா பல்கலைக்கழகப் பேராசிரியர். தவளைக் கால் துடிப்பது பற்றி கால்வானியோடு சர்ச்சை. 1800-ல் முதல் பேட்டரி. அடுத்த வருஷம் நெப்போலியன் முன் செய்துகாட்டினார், 1810-ல் பிரபுப் பட்டம். 1827 மார்ச் 5-ல் கோமோவிலேயே இறந்தார். மின்னழுத்த அலகுக்கு அவர் பெயர் வந்தது 1881-ல்.

அவர் பாட்டில் நம்ம மண்ணுக்கு வந்தது 1910-களில். கோயம்புத்தூரில் வேளாண் வேதியியலாளர் ஹாரிசனும் பி.ஏ. சுப்பிரமணிய அய்யரும் நெல் வயல் சேற்று வாயுக்களை ஆராய்ந்து 1913 முதல் கட்டுரைகள் வெளியிட்டார்கள். மீத்தேனும் நைட்ரஜனும் அதிகம், கொஞ்சம் ஹைட்ரஜன், கார்பன் டை ஆக்சைடு. அப்போது அவர்களுடைய கவலை பருவநிலை அல்ல. நெல் வேருக்குக் காற்று எப்படிக் கிடைக்கிறது என்பதே கேள்வி. சேற்றின் மேல் படியும் பாசிப் படலத்தில் நுண்ணுயிர்கள் மீத்தேனைச் சிதைக்கின்றன, பாசி வெளிவிடும் ஆக்சிஜன் வேருக்குப் போகிறது என்று கண்டார்கள்.

அந்தப் படலத்துக்குத் தப்பும் மீத்தேனில் பெரும்பகுதி நெல் தண்டின் காற்றறைகள் வழியாகவே மேலே போகிறது. வோல்ட்டா காலத்தில் காற்றில் 100 கோடிக்கு 700 சொச்சம் பங்கு இருந்த மீத்தேன், இன்று 1,900-ஐத் தாண்டிவிட்டது. 100 ஆண்டுக் கணக்கில் கார்பன் டை ஆக்சைடைவிட சுமார் 28 மடங்கு சூடேற்றும். இயற்கை மூலங்களில் முதலிடம் சதுப்புநிலங்களுக்கு. மனிதர் வழி வருவதில் மாடு, எரிவாயு, குப்பைக் கிடங்கோடு நெல்லும் உண்டு. அதன் பங்கு சுமார் 8 சதவீதம்.

இங்கேதான் சிக்கல். சதுப்பை வற்றவைக்க முடியாது, பறவைகள் போய்விடும். நெல்லை விடவும் முடியாது, நமக்குச் சோறு வேணும். இருக்கும் ஒரு வழி காய்ச்சலும் பாய்ச்சலும். எப்போதும் தண்ணீர் கட்டாமல், மண் லேசாக வெடிக்கும்போது மறுபடி பாய்ச்சுவது. மீத்தேன் ஏறக்குறைய பாதி வரை குறையும், தண்ணீரும் மிச்சம். ரொம்பக் காயவிட்டால் நைட்ரஸ் ஆக்சைடு கூடும், அதுவும் சூடேற்றும் வாயுதான். சொந்தக் கிணறும் பம்புசெட்டும் இருப்பவர் இதைச் செய்துவிடலாம். ஏரி மதகு திறக்கும் நாளில் வரும் தண்ணீரை நம்பியிருப்பவருக்கோ, வந்ததைக் கட்டி வைக்காமல் விட்டால் அடுத்த முறை எப்போது வரும் என்று தெரியாது.