பட்டங்களும் தண்ணீர்ப் பானையும்: பேராசிரியர் அம்பேத்கர்

ஏப்ரல் 14 அன்று தென்காசி வட்டாரத்தின் ஊர்களில் புரட்சியாளர் அம்பேத்கரின் படத்துக்குக் கீழே அவர் பெற்ற பட்டங்கள் வரிசையாக அச்சிடப்படுகின்றன. குற்றாலத்திலும் தென்காசியிலும் பயிலும் முதல் தலைமுறை மாணவர்கள் அவ்வரிசையைப் பெருமிதத்தோடு படிக்கிறார்கள். அப்பெருமிதம் நியாயமானதே. ஆயினும், படித்து உயர்ந்தால் சாதி தானே உதிர்ந்துவிடும் என்று அவ்வரிசைக்குப் பொருள் கொள்வோமானால், அண்ணலின் வாழ்க்கையை நாம் பிழையாக வாசித்தவர்கள் ஆவோம்.

1912இல் பம்பாய் எல்பின்ஸ்டன் கல்லூரியில் பொருளியலும் அரசியலும் பயின்று இளங்கலைப் பட்டம் பெற்றார். பரோடா மன்னர் சாயாஜிராவ் வழங்கிய உதவித்தொகை 1913இல் அவரை நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுசென்றது. அங்கே ஜான் டூயி, எட்வின் செலிக்மன் போன்ற அறிஞர்களிடம் கற்றார். 1916 மே மாதத்தில், இந்தியாவில் சாதிகள் தோன்றியதைப் பற்றிய ஆய்வுரையை மானுடவியல் கருத்தரங்கில் வாசித்தபோது அவருக்கு வயது 25. அதே ஆண்டில் இலண்டன் பொருளியல் பள்ளியிலும் கிரேஸ் இன் சட்டக் கழகத்திலும் சேர்ந்தார். ஆனால் உதவித்தொகைக் காலம் முடிந்தமையால், 1917இல் படிப்பைப் பாதியில் நிறுத்தித் திரும்ப நேர்ந்தது.

ஒப்பந்தப்படி பரோடா அரசுப் பணியில் சேர்ந்தவருக்கு அந்நகரில் தங்க இடம் கிடைக்கவில்லை. அடையாளத்தை மறைத்து ஒரு பார்சி விடுதியில் தங்கினார். பதினோராம் நாளில் தடிகளோடு வந்த கூட்டம் அவரை வெளியேற்றியது. கொலம்பியாவில் பெற்ற பட்டத்தால் அவருக்கு ஓர் அறையைக்கூடப் பெற்றுத்தர இயலவில்லை.

1918 நவம்பரில் பம்பாய் சிடன்ஹாம் கல்லூரியில் அரசியல் பொருளியல் பேராசிரியரானார். ஆசிரியர் அறையின் பொதுத் தண்ணீர்ப் பானையில் அவர் நீர் அருந்துவதற்கு உடன் பணியாற்றிய பேராசிரியர்கள் சிலர் எதிர்ப்புத் தெரிவித்தனர். எதிர்த்தவர்களும் கற்றவர்களே என்பதை நாம் கவனிக்க வேண்டும். ஒருவரின் கல்வி அவரைத் தீண்டாமையிலிருந்து காக்கவில்லை. மற்றவர்களின் கல்வி அவர்களைத் தீண்டாமையிலிருந்து மீட்கவும் இல்லை.

அவர் படிப்பைக் கைவிடவில்லை. ஊதியத்தில் சேமித்த தொகை, கோலாப்பூர் சாகு மகாராஜாவின் உதவி, நண்பரிடம் பெற்ற கடன் ஆகியவற்றைக் கொண்டு 1920இல் மீண்டும் இலண்டன் சென்றார். ரூபாயின் சிக்கலை ஆராய்ந்து 1923இல் அறிவியல் முனைவர் பட்டம் பெற்றார். வழக்குரைஞராகவும் தகுதி பெற்றார். கற்பித்தலும் வழக்காடலும் அவருக்குப் பிழைப்புக்கு வழிசெய்தன. அவரது உழைப்பு இயக்கத்துக்குச் சென்றது. 1927இல் மகாடு சவுதார் குளத்தில் ஆயிரக்கணக்கான மக்களோடு நீர் அருந்தினார். பேராசிரியராகத் தமக்கு மறுக்கப்பட்ட தண்ணீரை எல்லோருக்குமான உரிமையாக அங்கே அவர் கோரினார் என்றே நாம் கொள்கிறோம்.

1928இல் பம்பாய் அரசு சட்டக் கல்லூரியில் ஆசிரியராகி, 1935 ஜூன் மாதத்தில் அதன் முதல்வரானார். பதவி வந்தால் வாய் மூடிக்கொள்ள வேண்டும் என்போருக்கு இக்காலம் ஒரு பாடம். அரசுக் கல்லூரியின் முதல்வராக இருந்தபோதே, 1935 அக்டோபரில் யேவலா மாநாட்டில் இந்துவாகச் சாகப்போவதில்லை என்று அறிவித்தார். 1936இல் லாகூர் அமைப்பினர் அவரது உரையை ஏற்கத் தயங்கி மாநாட்டைக் கைவிட்டபோது, அவ்வுரையைச் சாதி ஒழிப்பு நூலாகத் தாமே அச்சிட்டார்.

தனிமனிதரின் உயர்வு போதாது என்று உணர்ந்தவர் நிறுவனங்களைக் கட்டினார். அவர் வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் இருந்த 1944இல் பட்டியல் சாதி மாணவர்களுக்கான மேற்படிப்பு உதவித்தொகைத் திட்டம் தொடங்கியது. 1945இல் மக்கள் கல்விக் கழகத்தையும், 1946இல் பம்பாயில் சித்தார்த் கல்லூரியையும் நிறுவினார். அவர் தலைமையிலான வரைவுக் குழு உருவாக்கிய அரசமைப்புச் சட்டத்தின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது; 15ஆம் பிரிவு கடை, கிணறு, குளம், நீராடுதுறை ஆகியவற்றில் சாதியின் பெயரால் தடுப்பதை விலக்கியது.

2022 செப்டம்பரில், தென்காசி மாவட்டம் சங்கரன்கோவிலை அடுத்த பாஞ்சாகுளத்தில் தலித் குழந்தைகளுக்குத் தின்பண்டம் விற்க மறுக்கப்பட்டது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் வழக்குப் பதியப்பட்டு, கடைக்கு முத்திரை வைக்கப்பட்டது. குற்றம் சாட்டப்பட்டோர் ஊருக்குள் நுழைய நீதிமன்றம் தடைவிதித்தது. அக்குழந்தைகள் படித்துப் பட்டம் பெற்ற பிறகுதான் மதிக்கப்படுவார்கள் என்று அவர்களிடம் சொல்ல எவருக்கும் உரிமையில்லை. மிட்டாய் வாங்க வரும் குழந்தைக்கும் அதே மாண்பு உண்டு என்பதே சட்டத்தின் நிலை.

ஆகவே, கல்லூரி மாணவர்கள் அண்ணலின் பட்டங்களைப் படிக்கும்போது அவற்றுக்கு இடையே அவர் பட்ட பாடுகளையும் சேர்த்துப் படிக்க வேண்டும் என்று நாம் கேட்டுக்கொள்கிறோம். உதவித்தொகையைச் சலுகையாகக் கருதாமல் உரிமையாகக் கேளுங்கள். கற்ற சட்டத்தையும் பொருளியலையும், காவல் நிலையத்தில் புகார் எழுதத் தெரியாமல் நிற்கும் நம் மக்களுக்காகப் பயன்படுத்துங்கள். பேராசிரியர் அம்பேத்கர் தம் கல்வியை அப்படித்தான் செலவிட்டார்.